மூலிகையறியாப் பயிற்சி முழுமையாகுமா?

இந்தியாவில் ஆயுர்வேதப் பட்டம் பெற நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். சில வாரங்களிலேயே நற்சாட்சிப் பத்திரம் பெறுவோரும் உலகெங்கும் உளர். பயிற்சியின் தரம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதைக் கருதியே உலக சுகாதார ஸ்தாபனம் 2010ஆம் ஆண்டில் ஆயுர்வேதப் பயிற்சிக்குரிய அளவுகோல்களை வெளியிட்டது. பாட நேரத்தை வரையறுத்தல் நன்றே; ஆயின் அது மட்டும் போதாது.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1983இல் நிறுவிய ஆயுர்வேதக் கலாசாலை திருப்பதியில் உள்ளது. அதன் அண்மையிலுள்ள சேஷாசல மலைகளிலும் சித்தூர், கடப்பைக் காடுகளிலும் செஞ்சந்தனம் இயற்கையாக வளர்கிறது. ஆயுர்வேத நூல்கள் இதனை ரக்தசந்தனம் என வழங்கும். பெயரைக் கொண்டு இதனை வெண்சந்தனத்தின் இனமெனக் கருதுதல் பிழை. இது வேங்கையின் இனம். ஏட்டில் மட்டும் கற்றவர் இத்தகைய இடங்களில் தவறக்கூடும். தவற்றின் பயனை நோயாளியே நுகர நேரும்.

ஆகவே, அயல்நாட்டு மாணாக்கர்க்கு மூலிகைகளை அவை வளரும் இடத்திலேயே இனங்காணும் பயிற்சி கட்டாயமாக்கப்பெறல் வேண்டும். அதற்குத் திருப்பதி தகுந்த இடமாகும். செஞ்சந்தனத்தின் சர்வதேச வாணிபம் 1995 முதல் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டுள்ளது. ஆதலின் வெட்டிக் கற்பதன்று, கண்டு கற்பதே முறை. குறுகிய காலப் பயிற்சிக்கு அளிக்கப்பெறும் பத்திரம், அதனைப் பெற்றவர் வைத்தியரல்லர் என்பதையும் தெளிவுறக் கூறுதல் வேண்டும்.