சமுத்திரம் பார்த்த கலாசாலை

நெம்மேலிப் பெரியவர் ஒருவர் சொல்ல, நாம் சிறு வயதில் கேட்டது இது. 1942-ல் அவர் சென்னை ராஜதானிக் கலாசாலையில் பி. ஏ. மாணாக்கர், வாசம் விக்டோரியா விடுதியில். ஏப்ரல் 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டதும் பட்டணமே மூட்டை கட்டிற்று. சர்க்கார் காரியாலயங்கள் பலவும் உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. சர்க்காரே ஓடும்போது மாணாக்கன் நிற்பானா? விறகு இறக்கிவிட்டுப் பக்கிங்ஹாம் கால்வாயில் திரும்பிய படகொன்றில் அவரும் ஏறிக்கொண்டார்.

"நெம்மேலியிலும் அதே கடல்தானே, தம்பி?" என்று சிரித்தானாம் படகோட்டி.

கலாசாலை திறந்ததும் திரும்பிப் போனார். ஆகஸ்டு 9-ந் தேதி காந்தியடிகள் கைதானார். இவர் வகுப்பைப் பகிஷ்கரித்து வெளியேறினார். பட்டம் போயிற்று. சம்பளம் கட்ட நன்செய் விற்ற தகப்பனார் ஒரு வருஷம் முகங்கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், சாப்பாட்டு இலைமுன் கேட்டாராம்:

"காந்தியை எப்போதடா விடுவார்கள்?"