நாய்க்குட்டிக்கும் நமக்கும் ஒரே மருந்து

2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சுகாதாரத் துறை, காம்பைலோபாக்டர் என்ற குடல் கிருமியால் நோயுற்ற ஆறு பேரைப் பற்றி அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் அனுப்பியது. ஆறு பேருக்கும் ஒரே பெட் ஷாப் நிறுவனத்தோடு தொடர்பு இருந்தது. விசாரணை விரிந்தபோது, 2016 ஜனவரி தொடங்கி 2018 பிப்ரவரி வரை 18 மாநிலங்களில் 118 பேர் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. அவர்களில் 29 பேர் பெட் ஷாப் ஊழியர்கள். உயிரிழப்பு இல்லை. ஆனால் இந்த நோய்க்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தரும் ஆன்டிபயாடிக் எதற்கும் அந்தக் கிருமி மசியவில்லை.

காம்பைலோபாக்டர் பெரும்பாலோருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வந்து ஒரு வாரத்தில் தானாகவே போய்விடும். கைக்குழந்தை, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் போன்றோருக்குத்தான் மருந்து அவசியமாகிறது. மருந்து வேலை செய்யாமல் போனால் முதல் அடி அவர்கள்மீதே விழுகிறது.

கிருமி பரவக் காரணமான பெட் ஷாப் நாய்க்குட்டிகளுக்கு என்ன மருந்து தரப்பட்டது என்றும் ஆராய்ந்தார்கள். விவரம் கிடைத்த 149 குட்டிகளில் 142 குட்டிகளுக்கு ஒருமுறையாவது ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தது. பாதிக்கும் மேற்பட்ட குட்டிகளுக்கு நோய் எதுவும் இல்லை. வந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே கொடுத்திருக்கிறார்கள்.

கடைக்காரரைத் திட்டிவிட்டு நகர்வது சுலபம். அவர் நிலையில் இருந்தும் பார்க்க வேண்டும். தாயிடமிருந்து பிரிந்து, நெடுந்தூரம் வண்டியில் வந்து, வெவ்வேறு பண்ணைக் குட்டிகளோடு ஒரே கூண்டில் அடைபட்ட குட்டிக்குக் கழிச்சல் கண்டால் ஓரிரு நாளில் அது துவண்டுவிடும். உயிரைக் காப்பதாக நினைத்துத்தான் அவர் மருந்தை ஊற்றுகிறார். பண்ணை, இடைத்தரகர், வண்டி, கடை என்று குட்டிகள் வந்த வழியெல்லாம் பின்னோக்கித் தேடியும், கிருமி புறப்பட்ட இடம் இதுதான் என்று ஒரே ஒரு பண்ணையைச் சுட்டிக்காட்ட அதிகாரிகளால் முடியவில்லை. தொடர்புடைய ஒவ்வொருவரும் தன் அளவில் நியாயமாக நடந்துகொண்டதாகவே நம்பியிருப்பார். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

நாய் வளர்ப்பவர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள். மனிதரிடம் மருந்துக்குக் கேட்காத கிருமிகள் பெருகியதற்கு மனித மருத்துவத்தின் தாராளமே முதல் காரணம், செல்லப் பிராணிகளின் பங்கு சிறியது என்பார்கள். அது உண்மைதான். மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி பல வீடுகளில் மனிதரிடமிருந்துதான் நாய்க்குப் போகிறது. பிறகு நாயிடமிருந்து வீட்டில் இன்னொருவருக்குத் திரும்பி வரவும் கூடும். இது இருவழிப் பாதை. எனவே இப்படியொரு செய்தியைப் படித்துப் பயந்து, வளர்த்த நாயைத் தெருவில் விடுவது கொடுமை மட்டுமல்ல, பயனற்றதும்கூட. அதே சமயம், பங்கு சிறியது என்பதால் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019-இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் எழுதப்படும் அமாக்ஸிசிலினும் செஃபலெக்சினும் நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பவையே. தனித்தனிக் கிணறு இல்லை. எல்லோரும் ஒரே கிணற்றில்தான் இறைக்கிறோம்.

கால்நடை மருத்துவர்களின் நெருக்கடியும் சாதாரணமானதல்ல. தோலில் சிவந்த கொப்புளங்களோடு நாயைக் கொண்டுவருபவர், இரவே அது சொறிவதை நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். கல்ச்சர் டெஸ்ட் என்றால் செலவு. முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். மருந்து எழுதாவிட்டால் அவர் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார். ஆனால் நடுவழி ஒன்று உண்டு. கொப்புளத்தின்மேல் கண்ணாடிச் சில்லை ஒற்றி எடுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டைக் கிருமியா, ஈஸ்ட் பூஞ்சையா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மேலோட்டமான தோல் தொற்று பலவற்றுக்குக் குளோர்ஹெக்சிடின் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவதே போதும், மாத்திரை தேவைப்படாது. பத்து நிமிடம் நுரையோடு நாயை நிற்கவைப்பது சிரமம்தான். அந்தச் சிரமத்தை ஏற்க வேண்டியவர் டாக்டர் அல்ல, நாம்.

நமக்கு முன்னோடி முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2012-இல் நாட்டின் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டை நெறிப்படுத்த வகுத்த திட்டம் ‘சென்னைப் பிரகடனம்’ என்றே அறியப்படுகிறது. 2014 முதல், பல ஆன்டிபயாடிக்குகள் இடம்பெற்ற எச்1 என்ற அரசு அட்டவணையில் உள்ள மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்பனை விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டோடு மட்டுமே வாங்க வேண்டியவை என்பதைக் காட்ட மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு வந்ததும் இதன் தொடர்ச்சியே. 2019-இல் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்து விற்பதை மத்திய அரசு தடை செய்தது. ஆனால் வரவேற்பறை சோபாவில் படுத்திருக்கும் நாயைப் பற்றி இன்னும் நாம் அதிகம் பேசவில்லை.

பேச ஆரம்பித்தால், செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆறாத புண்ணோடோ நீடித்த வயிற்றுப்போக்கோடோ வருபவரிடம், “வீட்டில் நாய், பூனை இருக்கிறதா? அதற்கு அண்மையில் மருந்து கொடுத்தீர்களா?” என்று டாக்டர் கேட்கலாம். அவர் கேட்க மறந்தால் நாமே சொல்லலாம். போன தடவை மிஞ்சிய மாத்திரையைப் பாதியாக உடைத்து நாய்க்குப் போடும் பழக்கத்தை விடலாம். நாயின் கழிவை அள்ளிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், புண்ணை நாய் நக்கவிடாமல் பார்த்துக்கொள்வதும் காசு கேட்காத காரியங்கள். குட்டி வாங்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்பதுபோல, இதுவரை என்ன மருந்து, எதற்காகக் கொடுத்தீர்கள் என்றும் கேட்கலாம். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால் விற்பவர்கள் எழுதி வைக்கத் தொடங்குவார்கள்.

செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாள். அதையொட்டித் தடுப்பூசி முகாம் நடத்தும் குடியிருப்போர் நலச் சங்கங்கள், இந்த ஆண்டு கால்நடை மருத்துவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நாற்காலி போட்டு, பகுதியின் பொது மருத்துவர் ஒருவரையும் மெடிக்கல் ஷாப் மருந்தாளுநர் ஒருவரையும் உட்காரவைக்கலாம். ஊசிக்கு வரிசையில் நிற்பவர்கள் எப்படியும் அரை மணி நேரம் காத்திருக்கத்தான் போகிறார்கள்.