குழந்தை வேண்டாம் என்று பூமி கேட்கிறதா?

"இந்த வெயிலிலும் வெள்ளத்திலும் ஒரு பிள்ளையைப் பெற்று என்ன செய்வது?" தஞ்சோங் மாலிமில் என்னோடு படிக்கும் தோழி இப்படிக் கேட்டபோது முதலில் சிரித்தோம். பிறகு யாரும் பேசவில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மாட்டிக்கொண்ட குடும்பம் அவளுடையது.

அவள் மட்டும் இப்படி நினைக்கவில்லை. 2021இல் லான்செட் இதழ்க் குழுமம் வெளியிட்ட ஆய்வில், பத்து நாடுகளைச் சேர்ந்த 16 முதல் 25 வயதுடைய 10,000 பேரிடம் கருத்துக் கேட்டார்கள். பருவநிலை மாற்றத்தால் குழந்தை பெறத் தயங்குவதாக ஏறக்குறைய 39 விழுக்காட்டினர் கூறினர். இந்தியாவும் பிலிப்பைன்சும் அந்தப் பட்டியலில் இருந்தன. மலேசியா இல்லை.

ஆனால், நம் நாட்டில் பிறப்பு குறைந்ததற்கு வெயிலை மட்டும் காரணம் சொல்ல முடியாது. 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.9 குழந்தைகள், 2022இல் 1.6. இந்தியர்களிடையே அது ஒன்றுக்குச் சற்றே அதிகம். பெண்கள் படித்து வேலைக்குப் போவது, தாமதமான திருமணம், வீட்டு விலை, குழந்தைப் பராமரிப்புச் செலவு ஆகியவை முன்பே உள்ள காரணங்கள். பருவநிலை அச்சம் இவற்றின்மேல் ஏறிய புதிய சுமை.

பிள்ளை பெறாவிட்டால் பூமிக்கு நல்லது என்பவர்கள் 2017ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைக் காட்டுவார்கள். வளர்ந்த நாடுகளில் ஒரு குழந்தை குறைந்தால் ஆண்டுக்கு 58.6 டன் கரியமிலம் மிச்சமாகும் என்றது அது. இந்தக் கணக்கில் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குப் பின்வருவோரும் வெளியிடப்போகும் கரியமிலத்தில் ஒரு பங்கும் சேர்க்கப்பட்டுள்ளது. அவர்களும் இன்றைய அளவிலேயே புகையை வெளியிடுவார்கள் என்பது அதன் அனுமானம். மின்சாரம் தூய்மையானால் அந்த எண் வெகுவாகக் குறையும். ஆகவே, குழந்தையின் கரியமிலக் கணக்கைத் தீர்மானிப்பது அது பிறக்கும் நாட்டின் எரிசக்திக் கொள்கை.

நம் பேராக்கையே பாருங்கள். தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் மின்சாரக் கார் தயாரிக்கிறது. அதே மாநிலத்தின் மஞ்சோங்கில் மாபெரும் நிலக்கரி மின்நிலையம் இயங்குகிறது. நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் ஏறும் வரை அந்தக் காரின் பயன் பாதிதான். 2050க்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதே மலேசியாவின் இலக்கு. இப்போது பிறக்கும் குழந்தைக்கு அன்று வயது இருபத்தைந்தை ஒட்டியிருக்கும்.

என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. எத்தனை பிள்ளைகள் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. நமக்கு அந்த முடிவை எடுக்கும் உரிமை இருக்கிறது. "நம் இனம் குறைகிறது" என்று மிரட்டியோ, "பூமி தாங்காது" என்று குற்ற உணர்வூட்டியோ அதை எந்தப் பெண்ணிடமிருந்தும் பறிக்கக்கூடாது.

18 வயதில் நமக்கு வாக்குரிமையும் வந்துவிடுகிறது. உங்கள் தொகுதி வேட்பாளரிடம் நிலக்கரி பற்றியும் வெள்ளத் தடுப்பு பற்றியும் கேளுங்கள். என் தோழி இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு அவள் மட்டுமே பதில் தேட வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை.