சங்கீத சங்கத்துக்கு எத்தகைய ஆம்பிளிஃபயர் வேண்டும்?

நம் கல்லூரிச் சங்கீத சங்கத்தார் கிட்டாருக்கென்று ஓர் ஆம்பிளிஃபயர் வாங்க உத்தேசித்திருக்கின்றனர். அதுபற்றி மாணவர்களிடையே இரண்டு கட்சிகள் தோன்றி, விடுதி உணவுச் சாலையிலுங்கூட வாதம் நடைபெற்று வருகின்றது. சிறிது திருகிய மாத்திரத்தில் உறுமிக் கரகரக்கும் வால்வு யந்திரமே வேண்டும், அதிலேதான் உயிருண்டு என்பது ஒரு கட்சி. எவ்வளவு உரக்க வைப்பினும் தெளிவு குன்றாத யந்திரம் ஒன்றை வாங்கி, கரகரப்பை விரும்புவோர் அதனைப் பெடல்களால் உண்டாக்கிக்கொள்ளும்படி விட்டுவிடலாம் என்பது மற்றொரு கட்சி. யாம் இவ்விரண்டாங் கட்சியைச் சார்ந்தோம். செலவிடப்போகும் பணம் மாணவர் ஒவ்வொருவரும் செலுத்திய சந்தாவினின்றும் திரண்டது. அவருள் பலர் முக்கூடல், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் முதலிய ஊர்களினின்று விடியுமுன் பஸ் ஏறி வருவோர். வாங்குவதோ பல்லாண்டு நிற்கப்போவது. ஆதலின் எமது அபிப்பிராயத்தைக் காரணங்களோடு வெளியிடுதல் தகுமென எண்ணுகின்றோம்.

இவ்விஷயத்தில் பழக்கமில்லாத நண்பர்களுக்காகச் சில சொற்கள் முன்னே கூறவேண்டும். மின்சாரக் கிட்டாரின் கம்பி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச் சுருளில் மெல்லியதொரு மின்னலை எழுகின்றது. அதனைப் பெருக்கி ஸ்பீக்கரை அசைப்பதே ஆம்பிளிஃபயரின் தொழில். கிட்டாருக்கும் அதற்கும் இடையே, காலால் மிதித்து இயக்கும்படி வைக்கப்படும் சிறு பெட்டிகள் பெடல்கள் எனப்படும். டிலே என்பது எதிரொலி தரும்; ரிவர்ப் என்பது பெருங்கட்டடத்துள் வாசித்தாற்போன்ற முழக்கம் தரும்; கோரஸ் என்பது ஒருவர் வாசிப்பைப் பலர் வாசிப்பாகக் காட்டும்; ஃபஸ், டிஸ்டார்ஷன் என்பன கரகரப்பை விளைப்பன. இனிச் சுத்த நாதம் என்பது யாதெனின், உட்புகும் அலை தன் வடிவம் மாறாமலே பெரிதாகி வெளிவருதலாம். யந்திரத்தின் வலிமை போதாவிடத்து அலையின் முடியும் அடியும் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வெட்டையே நாம் கரகரப்பாகக் கேட்கின்றோம்.

இக்கரகரப்பின் சரித்திரம் வேடிக்கையானது. இதனை முதலில் ஒருவரும் நாடிச் செய்திலர். அமெரிக்காவில் மார்ட்டி ராபின்ஸ் என்பவரின், 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த பாட்டொன்றை ஒலிப்பதிவு செய்கையில், மிக்ஸரின் ஒரு பகுதி பழுதுற்று, அதன் வழியே வந்த வாத்தியவோசை அறுப்பு வாளைப்போல் இரைந்தது. கேட்டவர்கள் அதனை விலக்காமல் விரும்பினர். மறு வருஷமே, 1962-இல், அவ்வோசையைத் தருவதற்கென மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் பெடல் விற்பனைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் டேவ் டேவிஸ் என்னும் இளைஞர் 1964-இல் தம் ஸ்பீக்கரின் காகிதத்தைச் சவர பிளேடால் கிழித்து வாசித்துப் பெயர் பெற்றார். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியார் அப்பெடலைக் கொண்டு உலகமெங்கும் ஒலித்த பாட்டொன்றை அளித்தனர். ஆகவே பழுதைச் சிறு பெட்டியிலடைத்து, வேண்டும்போது மிதித்துக்கொள்ளும் வித்தை அறுபதாண்டுகளுக்கு முன்பே கைகூடிவிட்டது. இனியும் அதன்பொருட்டு முப்பது கிலோ யந்திரம் ஒன்றைக் கரகரக்கச் செய்யவேண்டிய அவசியம் யாது?

வால்வுக் கட்சியார், “சொந்தமாக வாங்குவோர் அவ்வாறே வாங்குகின்றனரே” என்பர். உண்மையே. 1959-இல் தோன்றிய வாக்ஸ் ஏசி-30, லண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல் செய்யத் தொடங்கிய யந்திரங்கள் ஆகியவற்றின் சிறப்பு, உரக்க வைக்குந்தோறும் இனிதாய்க் கரகரத்தலேயாகும். தம் வீட்டில் தம் செலவில் அதனை வைத்திருப்பவரை யாம் குறைகூறோம். ஆனால் நம்முடையது பொதுச் சொத்து. அசனப் பண்டிகைக்குச் சமைக்கும் பித்தளை அண்டாவை நினைத்துப் பாருங்கள். ஈயம் பூசிய அண்டாவில் சோறும் ஆக்கலாம், குழம்பும் வைக்கலாம், ரசமும் காய்ச்சலாம். அவ்வவற்றின் சுவை அவ்வவற்றிலேயே நிற்கும். ஈயம் போன அண்டாவிலோ புளி பட்டவுடனே பாத்திரத்தின் களிம்பு எல்லாவற்றிலும் ஏறிவிடும். பொது ஆம்பிளிஃபயர் ஈயம் பூசிய அண்டாவாக இருத்தல் வேண்டும். கீர்த்தனைக்கு வாசிப்பவன் ஒருவன், சினிமாப் பாட்டுக்கு வாசிப்பவன் ஒருவன், இரும்பிடிபோல் முழக்க விரும்புபவன் ஒருவன். இம்மூவரும் தத்தம் பெடல்களைக் கொண்டு தத்தம் ருசியை அமைத்துக்கொள்ளலாம். பெடல் அவரவருடையது, படிப்பு முடிந்து போகும்போது பையிலிட்டு உடன்கொண்டு போவர். கல்லூரியில் நிற்கும் யந்திரத்துக்குச் சொந்த ருசி ஆகாது. இதுவே எமது முதன்மையான நியாயம்.

பெடல்களும் தெளிந்த யந்திரத்தின் முன்னரே தத்தம் தொழிலைச் செவ்வனே செய்கின்றன. டிலே தரும் எதிரொலி ஒன்றைவிட ஒன்று மெலிந்து தேய்ந்து மறைதலே அழகு. ஏற்கெனவே கரகரக்கும் யந்திரத்துள் அவ்வெதிரொலிகளைச் செலுத்தினாலோ, பெரியன வெட்டுண்டு சிறியன மேலெழுந்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரமாகிக் குழம்பிப்போம். இக்காரணத்தாலேயே பல யந்திரங்களில், கரகரப்புக்குப் பின்னே எதிரொலியை நுழைக்கும்படி தனி வழி அமைத்திருக்கின்றனர். சுத்தமான யந்திரத்தில் அவ்வழி இன்றியும் காரியம் நடக்கும்: டிஸ்டார்ஷனை முன்னும் டிலேயையும் ரிவர்பையும் பின்னுமாக வைத்தாற் போதும்.

ஸ்வரக்கூட்டத்தின் செய்தி இதனினும் முக்கியமானது. 200 அதிர்வுடைய ஸ்வரத்தையும், கிட்டாரின் மெட்டு முறைப்படி அதற்கு அந்தர காந்தாரமாய் அமையும் ஏறக்குறைய 252 அதிர்வுடைய ஸ்வரத்தையும் ஒருங்கே மீட்டுவதாகக் கொள்வோம். அலை வெட்டுண்ணும்போது 148, 304 என நாம் மீட்டாத அதிர்வுகளும் பிறக்கின்றன. அவை கிட்டாரின் எந்த மெட்டுக்கும் சரியாகப் பொருந்துவன அல்ல. ஒற்றை ஸ்வரத்தை நீட்டி வாசிக்கையில் இனிக்கும் கரகரப்பு, மூன்று நான்கு கம்பிகளைச் சேர்த்து மீட்டுகையில் சேறாகிவிடுவது இதனாலேயே. 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ என்னும் படத்தின் ‘இளைய நிலா’ பாட்டைக் கிட்டார் பழகும் நம் மாணவர் அனைவரும் வாசிக்க முயல்கின்றனர். கம்பி கம்பியாய் உதிரும் அவ்வாசிப்பைக் கரகரக்கும் யந்திரத்தில் ஒருமுறை வாசித்துக் காட்டுமாறு வால்வுக் கட்சியாரை அழைக்கின்றோம்.

நம் இசையின் கமகத்துக்குச் சுத்த நாதம் ஒவ்வாது என்று கருதுவோரும் உளர். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) அவர்களின் வாசிப்பே அவர்களுக்கு மறுமொழி. சாதாரண மாண்டலினில் ஸ்வரம் விரைவில் அற்றுப்போவதால் கமகம் பிடிப்பது அரிது. அவர் ஐந்து கம்பிகளையுடைய மின்சார மாண்டலினைக் கைக்கொண்டு, அதன் நாதத்தை நீளச் செய்தார். மின்சாரம் அங்கே நாதத்தை நீட்டிற்று. அதன் முகத்தை மாற்றவில்லை. உரத்து ஒலிப்பதும் தெளிந்து ஒலிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவ்வளவு தூரம் போவானேன்? தாமிரபரணிப் பாசனத்து ஊராகிய காருகுறிச்சியிற் பிறந்த அருணாசலம் (1921–1964) அவர்களின் நாகஸ்வரத்தை ஒலித்தட்டிற் கேட்டாலும் போதும். வீதியையே நிறைக்கும் ஓசையுள்ள வாத்தியம் அது. ஆயினும் அதிவேகப் பிருகாவிலும் ஒரு ஸ்வரம் மற்றொன்றன்மேல் ஏறி மங்கவில்லை.

இனி எம் மனத்தை வருத்தும் செய்திக்கு வருகின்றோம். டிசம்பர் மாதத்துக் கீதபவனியில், வாடகைக்குக் கொணர்ந்த சிறு யந்திரம் ஒன்றை அதன் சக்திக்கு மீறித் திருகி வைத்திருந்தனர். பாடகர் குழுவில் முப்பதின்மர் பல வாரங்கள் பயின்ற கீர்த்தனையின் சொற்களில் ஒன்றும் பின் வரிசையாருக்கு எட்டவில்லை. கரகரப்பினால் எழும் மேலதிர்வுகள் மனிதர் சொல்லின் மெய்யெழுத்துக்கள் விளங்கும் இடத்திலேயே வந்து குவிகின்றமையால், கிட்டாரின் ஓசை சிறிதாயினும் சொல்லை மறைத்துவிடுகின்றது. திருநெல்வேலியிற் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் முதலாக, கரையிருப்பிற் பிறந்த ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஈறாகப் பெரியோர் பலர் தேர்ந்தெடுத்துத் தொடுத்த சொற்கள் நம் ஆலயங்களில் வழங்குகின்றன. கிட்டார் அவற்றுக்குத் துணையாக வரட்டும். அவற்றின்மேல் ஏறி நிற்கலாகாது. பேரன் வாசிக்கின்றான் என்று கேட்க வந்திருந்த பாட்டியொருவர், “மோட்டார் ஓடின மாதிரி இருந்தது, ஐயா” என்று எம்மிடம் கூறியதை வால்வுக் கட்சியாருக்குத் தெரிவித்துக்கொள்கின்றோம்.

இடத்தின் தன்மையும் கருதத்தக்கது. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று ஊரார் வழங்கும் ஆலயத்தைப் போன்ற உயர்ந்த கட்டடங்களுக்கு இயல்பாகவே முழக்கமுண்டு. அங்கே ரிவர்ப் பெடலை மிதிப்பவன் ஆற்றுக்குள் தண்ணீர் ஊற்றுகின்றான். திறந்தவெளிக் கூட்டத்திலோ அம்முழக்கம் சிறிதும் இல்லாமையால் அப்பெடல் அவசியமாகின்றது. இடத்துக்குத் தக்கபடி கூட்டவும் குறைக்கவும் அடித்தளம் சுத்தமாக இருந்தாலன்றி இயலாது.

சுத்த நாதத்துக்குப் பெயர்பெற்ற யந்திரங்கள் இரண்டு. ஒன்று ஃபெண்டர் ட்வின் ரிவர்ப், 1963-இல் வந்தது, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டும் 85 வாட் வலிமையும் உடையது. வால்வு யந்திரமாயினும் எளிதிற் கரகரவாது. எனவே வால்வு வேறு, கரகரப்பு வேறு என்பதை இரு கட்சியாரும் அறிந்துகொள்க. மற்றொன்று ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியார் 1975-இல் வெளியிட்ட ஜாஸ் கோரஸ் 120. இது டிரான்சிஸ்டராலானது, 60 வாட் பகுதிகள் இரண்டும் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டும் கொண்டது. இதிலிருந்த கோரஸ் அமைப்பையே தனியே எடுத்து 1976-இல் பெடலாகச் செய்தனர். இதிலும் டிஸ்டார்ஷன் என்றொரு திருகு உண்டு. அதனை எவரும் புகழக் கேட்டிலோம். தொடாமலிருந்தாற் கெடுதியில்லை.

இவ்விரண்டனுள் நம் ஊருக்கு ஏற்றது டிரான்சிஸ்டர் வகையே என்பது எமது துணிபு. வால்வுகள் தேயும், தேய்ந்தால் வெளியூரினின்றும் தருவிக்கவேண்டும். உள்ளே சில நூறு வோல்ட் அழுத்தம் உண்டு. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கி நிற்குமாதலால், ஆர்வமுள்ள மாணவன் பின்மூடியைக் கழற்றினால் உயிருக்கே மோசம் நேரலாம். வாத்தியத்தைச் சித்திரை வெயிலில் ஆட்டோவில் ஏற்றிக் கிராமத்துச் சபைகளுக்குக் கொண்டு செல்வதும் நம் வழக்கம். பெரியன இரண்டும் முப்பது கிலோவையொட்டிய கனமுடையன. ரோலண்ட் கம்பெனியாரே 40 வாட்டும், 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டும் உடையதாய், ஏறக்குறைய 16 கிலோவில் ஜாஸ் கோரஸ் 40 என்று ஒன்றைச் செய்திருக்கின்றனர். நம் கூடத்துக்கு அதுபோன்றது போதும். வாட் கணக்கைக் கண்டு மயங்கவேண்டா. வாட்டை இரட்டிப்பதால் ஓசை 3 டெசிபல்தான் கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும். பெருங்கூட்டமாயின் யந்திரத்தின் முன்னே ஒரு மைக்கை நிறுத்தி, மைக்செட்காரரிடம் விட்டுவிடலாம்.

“ஆம்பிளிஃபயரே எதற்கு? பெடலை நேரே மைக்செட்காரரின் மிக்ஸரிற் செருகிவிடலாமே” என்று சிக்கனம் பேசுவோரும் உண்டு. கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கர் 5,000 அதிர்வுக்கு மேற்பட்டவற்றைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மைக்செட்டின் ஸ்பீக்கரோ அவற்றையும் உரக்கச் சொல்லும். ஆகையால் டிஸ்டார்ஷன் பெடல் அங்கே குளவிக்கூடு கலைந்தாற்போல் இரைகின்றது. அதனைத் தணிக்கவும் கருவிகள் வந்துள்ளன. பல யந்திரங்களின் ஓசையைக் கணிதத்தால் அமைத்துக் காட்டும் டிஜிட்டல் பெட்டிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. தனி மாணவனுக்கு அவை நன்றே. ஆயினும் நூறு ஓசைகளைத் தேடித் திருப்பிக்கொண்டிருந்து, ஒரு பாட்டையும் முற்றப் பழகாத சில இளைஞரை யாம் கண்டிருக்கின்றோம்.

கடைக்குச் செல்லும் சங்கத்தார் தம் கிட்டாரையும் பெடல்களையும் உடன்கொண்டு செல்க. முதலில் பெடல் யாதுமின்றி ஆறு கம்பிகளையும் ஒருங்கே பலமாக மீட்டி, நம் கூடத்துக்கு வேண்டிய அளவுக்கு ஓசையை உயர்த்திப் பார்க்க. அங்கே சிறிதேனும் கரகரத்தால் அதனை விட்டுவிடுக. பின்னர் டிலேயை இட்டு, எதிரொலி கடைசிவரை தேய்ந்து மறைகின்றதா என்று செவிகொடுத்துக் கேட்க. அதன்பின் வாசியாமல் சும்மா இருந்து, யந்திரத்தின் இரைச்சல் எவ்வளவென்று பார்க்க. வெளிநாட்டினின்றும் எவரேனும் கொண்டுவந்த யந்திரம் மலிவாகக் கிடைப்பினும், அது நம் 230 வோல்ட்டுக்கு ஆனதா என்பதை அறியாமல் வாங்கலாகாது. மிஞ்சும் தொகையில் 9 வோல்ட் பெடல்களுக்குத் தனித்தனியே மின்சாரம் தரும் சப்ளைப் பெட்டி ஒன்று வாங்கலாம். ஒரே கம்பியில் ஐந்தாறு பெடல்களைத் தொடுத்து, ஹம் என்னும் இரைச்சலோடு மல்லாடுவது ஒழியும். சங்க அறையின் பிளக்குகளில் எர்த் இணைப்பு ஒழுங்காக உண்டா என்பதையும், யந்திரம் வந்திறங்குமுன் கல்லூரி எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுமாறு காரியதரிசியாரைக் கேட்டுக்கொள்கின்றோம்.