ஃப்ளெக்ஸ் அடிக்கும் முன்



தை பிறந்தால் கல்யாணம், காதுகுத்து என்று தெருமுனையெல்லாம் ஃப்ளெக்ஸ் முளைக்கும். உங்களில் டிசைன் செய்கிறவர்களும் அச்சகம் வைத்திருப்பவர்களும் உண்டு, அதனால் எழுதுகிறேன்.

மயிலிறகில் நீலச் சாயம் கிடையாது. மெலனின் என்ற கருநிறப் பொருளின் நுண்ணிய அடுக்கில் ஒளி பட்டுத் திரும்பும்போது தெரிவதே அந்த நீலம். இருப்பதை அடுக்கும் விதத்திலேயே இயற்கை அழகு செய்கிறது. உதிர்ந்த இலையும் மண்ணுக்கு உரமாகிறது. அரிசிமாக் கோலத்தை எறும்பு தின்றுவிடுகிறது. இப்படி இயற்கையிடம் பாடம் கேட்பதைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் ஜானின் பென்யஸ் 1997இல் ‘பயோமிமிக்ரி’ என்று ஒரு புத்தகமே எழுதினார்.

ஃப்ளெக்ஸோ பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர். இரண்டு நாள் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பல்லாண்டு மக்காமல் கிடக்கும். எரித்தால் நச்சுப்புகை. “மலிவாச்சே சார்” என்பீர்கள். மிச்சச் செலவை ஊர் மண் கொடுக்கிறதே!

குப்பைக்குப் போகும் நாள் வரை யோசிப்பவரே நல்ல டிசைனர் என்பது என் கருத்து. பருத்தித் துணியில், இரண்டே நிறத்தில், பெயரும் தேதியும் போடாமல் ‘நல்வரவு’ எழுதுங்கள்; அடுத்த விசேஷத்துக்கும் ஆகும். வெற்றிடம் தாராளமாக விடுங்கள். மையும் மிச்சம், கண்ணுக்கும் குளிர்ச்சி.

யாராவது செய்தால் படத்தைக் கீழே போடுங்கள். மதிப்பெண் போடச் சிவப்புப் பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது!