பெயர் தெரியாத அத்தி

தம்பி தங்கைமாரே, லில்லெஸ்ட்ரோமில் எங்கள் சாடியில் நிற்கும் அத்தி என்ன இனமென்று தெரியாது. மூன்று கோடையாகக் காய்த்துப் பழுக்குமுன் உதிர்கிறது. வெட்டலாமா என்றும் பேசினோம்.

இலையை மட்டும் பார்த்து இனம் சொல்ல முடியாது. ஒரே மரத்திலேயே இலைகள் பலவிதம். பழுத்த பழத்தின் தோல், சதை, அடியிலுள்ள கண் எல்லாம் பார்க்கவேண்டும்.

கலிபோர்னியாவில் ஸ்மிர்னா அத்திகளும் இப்படித்தான் உதிர்ந்தன. குறை மரத்தில் இல்லை. மகரந்தம் கொண்டுவரும் சிறு குளவி அங்கே இல்லை. 1899இல் ஃபிரெஸ்னோவில் குளவி நிலைத்தது, காயும் பழுத்தது.

இங்கே அந்தக் குளவி இல்லை. ஆனால் குளிரும் தண்ணீர்க் குறையும்கூடக் காயை உதிர்க்கும். ஆகவே வசந்தத்தில் சாடியை வெயில் யன்னலோரம் வைத்து, தவறாமல் தண்ணீர் விடுவோம். பழுத்தால் இனம் தேடலாம். அப்போதும் உதிர்ந்தால் ஸ்மிர்னா வகையாக இருக்கலாம்.

லூக்கா 13இல் தோட்டக்காரன் கேட்டதும் இன்னும் ஒரு வருடம்தானே. நாங்களும் கொடுத்துவிட்டோம்.