பொம்மைகளின் அச்சம்

கார்ல்ஸ்ரூஹேயில் விடுமுறை நாட்களில் நாம் பிள்ளைகளோடு அமர்ந்து பொம்மைப் படங்கள் பார்க்கிறோம். 1995இல் வெளிவந்த 'ரோய் ஸ்ரோரி'யில் குடும்பம் வீடு மாறுகிறது. தாம் கைவிடப்படுவோமோ எனப் பொம்மைகள் அஞ்சுகின்றன. 1999இல் வந்த இரண்டாம் பாகத்தில், வளர்ந்துவிட்ட சிறுமி தன் பொம்மை ஜெசியை நன்கொடைப் பெட்டியில் விட்டுச் செல்கிறாள். 2014இல் வந்த 'லெகோ மூவி'யிலோ, தாம் அடுக்கியவற்றை மகன் கலைக்காதபடி ஒட்டிவைக்க முனைகிறார் தந்தை. மூன்றும் உரைப்பது ஒன்றே: விளையாடப் பிள்ளை இல்லையேல் பொம்மைக்கு வாழ்வில்லை.

நாமும் பலவற்றை விட்டு வந்தவர்களே. தடியின் இரு முனைகளிலும் பனங்காய் செருகி, கவைத்தடியால் நாம் உருட்டிய வண்டில் இப்படங்களில் இல்லை. இங்கே பனையும் இல்லை. ஆயினும் சொல்வதற்கு நாமிருக்கிறோம். படம் முடிந்ததும் அந்த வண்டிலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.